மேம்பாலப் படியில் மாமி

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் கழித்துத்தான் மாமி, என் கணவருடைய அம்மா, முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தார். என் கணவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் மாமியை வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு மாமியிடம் பயம். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு மாமி மறுப்புச் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. போனில் கதைத்தால், "சுகமோ? சாப்பிட்டாச்சோ?" என்பார். நான் "ஓம் மாமி" என்பேன். அதோடு போன் என் கணவர் கைக்குப் போய்விடும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து பழக்கிய விளையாட்டு டீச்சர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

பின்னேரம், ஒஃபிஸ்கள் விடுகிற நேரம் பார்த்து அவருடைய ரயில் வந்து சேர்ந்தது. மாமி ஒரு சூட்கேசோடும் ஒரு பெரிய பனையோலைப் பையோடும் இறங்கினார். நல்ல உயரம். பிரயாணக் களைப்பே இல்லாத முகம்.

"ஆட்டோ பிடிக்கட்டுமா மாமி?"

"வேண்டாம் பிள்ளை. கடல் பக்கமாப் போற கோச்சியிலயே போவம். எனக்குக் கடல் பாக்கவேணும்."

அந்த நேரத்தில் அந்த ஸ்டேஷனில் ரயில் மாறுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் இப்போது எங்களுக்கு வேண்டியவர்கள். ஒரு பிளாட்போமிலிருந்து இன்னொன்றுக்குப் போக இருப்பது ஒரே மேம்பாலம். அதன் படிகளில் நான்கு பேர் நெருக்கி நடக்கலாம். படி முடியும் இடத்துக்கு நேர் முன்னால் ஒரு தூண், தூணை ஒட்டி ஒரு வடைக் கடை, கடைக்கு முன்னால் யாரும் ஏறி நின்று நான் பார்த்திராத ஒரு எடை பார்க்கும் இயந்திரம். இறங்கும் சனமெல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான் வெளியேற வேண்டும்.

நாங்கள் பாலத்தைக் கடந்து படியில் பாதி இறங்கியபோது ஒலிபெருக்கி பேசியது. முதலில் சிங்களத்தில் சொன்னார்கள். நாங்கள் ஏறவிருந்த கரையோர ரயில் வேறு பிளாட்போமுக்கு மாறிவிட்டது. தமிழ் அறிவிப்புத் தொடங்குவதற்குள் கீழே நின்ற கூட்டம் முழுவதும் திரும்பிப் படிக்கு ஓடிவந்தது. மேலிருந்து இன்னொரு ரயிலின் சனம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் நாங்கள் நின்ற படியில் வந்து முட்டின.

பிறகு ஒருவரும் அசைய முடியவில்லை. சூட்கேஸ் என் முழங்காலில் இடித்தது. யாரோ ஒருவருடைய குடைப்பிடி என் விலாவில் குத்தியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் மாமியை முதல் நாளே இப்படிக் கொண்டுவந்து மாட்டிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

எங்களுக்கு இரண்டு படி கீழே ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஒஃபிஸ் உடுப்போடு ஒரு கேக் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். பெட்டி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. மாமி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அந்தாளிட்டக் கேக்கை இஞ்ச தரச் சொல்லும். மேல அனுப்புவம்."

"அய்யே, கேக் எக்க தென்ன!" என்று நான் சிங்களத்தில் கத்தினேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெட்டியை மாமியிடம் நீட்டினார். மாமி அதை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே தலைக்கு மேலால் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். சண்டை பிடித்துக்கொண்டிருந்த இருவர் சண்டையை நிறுத்திவிட்டுப் பெட்டியை வாங்கிக் கடத்தினார்கள். படியின் உச்சியில் நர்ஸ் உடுப்பில் நின்ற ஒரு பெண் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "ஹரி!" என்று, சிங்களத்தில் 'சரி' என்கிற அர்த்தத்தில், கூவினாள். படி முழுக்கக் கை தட்டியது.

மாமி அந்தக் கைதட்டலை வீணாக்கவில்லை.

"சிங்களத்தில இடப்பக்கம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வமட்ட, மாமி."

"ஏறுற ஆக்களும் தங்கட இடப்பக்கம், இறங்குற ஆக்களும் தங்கட இடப்பக்கம். அவ்வளவுதான்." பையை என் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. "வமட்ட! எல்லாரும் வமட்ட! இடப்பக்கம்!"

சனம் சிரித்தது. ஆனால் ஒதுங்கியது. முப்பது வருடம் மைதானத்தின் மறு கரையில் நின்ற பிள்ளைகளைத் திருப்பிய குரல் அது. மாமி கைதட்டிக் கணக்கு வைத்தார். ஒரு தட்டலுக்கு ஒரு படி. யாரோ அவசரப்பட்டு முந்தப் பார்க்க, "தம்பி! நில்லும்!" என்றார். தமிழ் தெரியாத அந்த மனிதர் நின்றுவிட்டார்.

"ஹரி டீச்சர்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பிறகு எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். கைதட்டலும் ஆளாளுக்குத் தொற்றிக்கொண்டது. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் தட்டினார்கள். வடைக் கடைக்காரர் தகரத் தட்டில் கரண்டியால் அடித்தார். பத்து நிமிடத்தில் படி வெறுமையானது. மாமியின் கொண்டை அவிழ்ந்து, நெற்றியெல்லாம் வியர்வை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன்.

எங்களுடைய ரயில் போய்விட்டது. அடுத்ததற்காகப் போய் நின்றால் அங்கே கேக்குக்காரர் தன் பெட்டியோடு நின்றார். எங்களைக் கண்டதும் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். சீனி ரோஜா ஒன்று சப்பையாகியிருந்தது. மகளுடைய பெயர் முழுதாக இருந்தது. ஏழாவது பிறந்தநாளாம். மாமி பனையோலைப் பையைத் திறந்து, தேடி, ஒரு பொதி எள்ளுருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மகளுக்கெண்டு சொல்லும் பிள்ளை. பல்லு விழுந்திருந்தால் மெல்லக் கடிக்கச் சொல்லும்."

நான் சிங்களத்தில் சொன்னேன். மகளுக்கு ஏற்கெனவே முன்பல் இரண்டு இல்லை என்று அவர் விரல் காட்டினார்.

ரயிலில் மாமிக்கு யன்னலோரம் இடம் விட்டார்கள். கடல் தெரிந்ததும் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லட்டே? இஞ்ச வரவே நான் பயந்தனான்."

"ஏன் மாமி?"

"எனக்குச் சிங்களமும் தெரியாது, உங்கட வீட்டுப் பழக்கமும் தெரியாது. போனில உம்மோட என்ன கதைக்கிறதெண்டும் தெரியேல்லை. சாப்பிட்டாச்சோ எண்டு எத்தினை தரம்தான் கேக்கிறது?"

எனக்கு வந்த சிரிப்பில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "நானும் ஓம் மாமி எண்டு எத்தினை தரம்தான் சொல்றது?" என்றேன். மாமி என் கையில் பொய்க்கு ஓர் அடி போட்டார்.

வெள்ளவத்தையில் என் கணவர் முகம் வாடி நின்றார். இருபது தரம் போன் எடுத்தாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதை சொல்லத் தொடங்கினோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஐந்து நாளென்று வந்த மாமி மூன்று கிழமை நின்றார். ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போய் என் அம்மாவோடு மத்தியானத்திலிருந்து இருட்டும் வரை கதைத்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முன் கொப்பித்தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அந்தப் படியையும் தூணையும் கடையையும் வரைந்தார். வலைப்பந்துத் திடல் போலவே, அம்புக்குறிகளோடு. பக்கத்தில் நான் சிங்களத்தில் விளக்கம் எழுதினேன். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் ஸ்டேஷன் பொறுப்பாளரிடம் கொடுத்தோம்.

அவர் சிரிப்பாரென்று நினைத்தேன். கதிரை தந்து, தேத்தண்ணி வரவழைத்து, தாளை நெடுநேரம் பார்த்தார். தூணை எடுக்க முடியாது, பாலமே அதில்தான் நிற்கிறது என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"தூண் நிக்கட்டும்," என்றார் மாமி. "மற்ற ரெண்டுக்கும் கால் இருக்குத்தானே?"

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்து, பென்சிலை எடுத்துக் கடைக்கு ஒரு புது இடம் வரைந்தார். கடைக்காரரும் அழைக்கப்பட்டார். அவர் மாமியைக் கண்டதும், "டீச்சர்!" என்று கும்பிட்டார்.

கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் போன மாதம் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். ஒஃபிஸ் விட்டு வரும் வழியில் அதைக் கண்டதும் அங்கேயே நின்று மாமிக்குப் போன் செய்தேன். அவர் போட்ட சத்தத்தில் மாமா ஓடிவந்து போனை வாங்கி, "என்ன பிள்ளை, விசேஷமோ?" என்று கேட்டார்.