முளைகளுக்கு நடுவே நடவு

யுத்த காலத்தில், பட்டாளத்துக்கு எடுக்கப்போகும் நிலத்தை அளந்து முளையடிக்க ஆவடிக்குப் போயிருந்தேன். ஏரிக்குக் கீழே, நான் முளையடித்த வயலில் ஒரு அம்மாள் தனியாக நடவு நட்டுக்கொண்டிருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு, முழங்கால்வரை சேறு. முளைகளை அவர் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி இடம் விடாமல் நட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. “சர்க்கார் எடுக்கப்போற நிலம்மா இது. நடாதே” என்றேன்.

“எப்போ எடுப்பாங்கோ?” நிமிரவே இல்லை.

“அது தெரியாது.”

“நாத்து முத்திப்பூடும் சாமி. இன்னிக்கே நட்டாவணும். அவங்கோ வர்ற அன்னிக்கு வரட்டும்.”

லாரிகள் தை கழிந்துதான் வந்தன. வயலில் அறுத்த நெல்தாளும் என் முளைகளும்தான் நின்றன. அவர் எங்கே போனாரென்று தெரியவில்லை. விதைநெல் இல்லாமல் போயிருக்கமாட்டார்.