சாம்பல் விரலுக்கு ஒரு பொத்தான்

கடைக்காரர் தடுப்பதற்குள் அண்ணி வாசலைத் தாண்டிவிட்டார். கையில் இன்னும் வாங்காத ஒரு மின்னூல் ரீடர். சென்னையில் பழைய கணினிகளும் கருவிகளும் விற்கும் சிறிய கடை அது. படியிறங்கி, நடைபாதையில், உச்சி வெயிலில் நின்று அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். கடைக்காரர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "யம்மா, எங்க எடுத்துக்கினு போறீங்க?" அண்ணி திரும்பாமலே பதில் சொன்னார்: "எங்கியும் போவலபா. வெளிச்சத்துல பாக்கறேன்." எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் புடவையின் நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து யாரும் நம்புவதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்த பிறகுதான் பேச்சே தொடங்கும். திரையில் எழுத்து மங்கவில்லை, வெயிலில் இன்னும் துலங்கியது. "சாயம் நிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

என் மூத்த அண்ணனின் மனைவி அவர். அண்ணன் வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறார். அண்ணி எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் உள்ள தறிகளுக்குப் பாவு பிணைத்துக் கொடுக்கிறார். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்ததும், அதன் மிச்ச இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிடும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்காமல் இருக்க விரல் நுனியைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு முறுக்க வேண்டும். கை பழகிவிட்டால் கண்ணுக்கு அதிகம் வேலையில்லை என்பார் அண்ணி. அந்தக் கண்ணை அவர் வீணாக விட்டதில்லை. நூலகத்து நாவல் ஒன்றைத் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் எடைக்கல் வைத்திருப்பார். ஒரு பிடி இழை முடிந்தால் ஒரு பக்கம். முழங்கையால் தாளைத் தள்ளிப் புரட்டுவார். சாம்பல் படாத புத்தகத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார் என்று நூலகர் ஒருமுறை என்னிடம் வியந்து சொன்னார். பத்திரிகை அலுவலகத்தில் சம்பளத்துக்காக நாள் முழுவதும் படிக்கிறவன் நான். அப்படி ஒரு படிப்பைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஐம்பதை நெருங்கியபோது சிக்கல் வந்தது. தரையில் கிடக்கும் புத்தகத்தின் எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. கண்ணாடி மாற்றினார். அதில் எழுத்து தெரிந்தால் இழை தெரியவில்லை. மத்தியானம் படுத்துக்கொண்டு கையில் பிடித்துப் படித்தால் கட்டைவிரல் மரத்துப்போனது. அந்த விரல் போனால் வேலை போயிற்று. கைபேசியில் படித்துப் பார்த்தார். கண் எரிந்து நீர் வடிந்தது, மறுநாள் ஒரு இழை இரண்டாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் இழைகள் மாறிப் பிணைந்து, பாதியைப் பிரித்துத் திரும்பச் செய்யவேண்டியதாயிற்று. அன்றைக்கு அண்ணன் சொன்னார்: "ரெண்டுல ஒண்ண விடு. கதைய விட்டா கஞ்சி இருக்குது. வேலைய விட்டா கஞ்சியும் இல்ல. படிச்சி இன்னா, கலெக்டரா ஆவப்போற?"

அடுத்த வாரம் அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, படிக்கறத விட்டுடறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ஒரு வாரம் விட்டும் பாத்தேன். நேத்து ரேஷன் கடை ரசீத நின்னுக்கினே ரெண்டு வாட்டி படிச்சேன். எழுத்து பெருசா, கண்ணு எரியாம ஏதோ சிலேட்டு மாதிரி வந்திருக்குதாமே? நீங்க பேப்பர்ல இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். துணையாசிரியர் மேசையில் பழகியவன் எதையும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பான். திரையின் அகலம், எழுத்தின் கூர்மை, எவ்வளவு பெரிதாக்கலாம், தமிழ் ஒழுங்காகத் தெரியுமா, வெளிச்சத்தை மஞ்சளாக மாற்ற முடியுமா, எடை எவ்வளவு, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை நாள் வரும் எனக் கட்டங்கள். மின்னூல் ரீடர் வைத்திருக்கும் நான்கு பேரிடம் விசாரித்தேன். எல்லாக் கட்டத்திலும் முன்னால் நின்ற ஒன்றை வாங்கினேன். மெலிதாக, வழவழப்பாக, முகம் முழுவதும் திரையாக இருந்தது. பொத்தான் ஒன்றுகூட இல்லை. அதைச் சிறப்பு என்று குறித்து வைத்திருந்தேன். படிப்பவர் எங்கே உட்கார்ந்து எந்தக் கையால் படிக்கிறார் என்பதற்கு மட்டும் என் பட்டியலில் கட்டம் இல்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் செய்தி எழுதாதே என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

கொடுத்த அன்று அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாரந்தோறும் போனில் கேட்டேன். "நல்லா இருக்குது தம்பி." கதை எதுவரை வந்திருக்கிறது? "பாதி." அடுத்த வாரமும் பாதி. அதற்கடுத்த வாரமும் பாதி. முந்நூறு பக்க நாவலை நான்கு நாளில் முடிப்பவர் மூன்று வாரமாகப் பாதியில் இருந்தால் செய்தி வேறு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். ரீடர் புடவைப் பெட்டிக்குள், பழைய வேட்டித் துணி சுற்றி, பத்திரமாக இருந்தது. மின்கலம் ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"எழுத்து முத்து முத்தா இருக்குது தம்பி, அதுல ஒரு கொறையும் இல்ல" என்றார் அண்ணி. பிறகு விரல்களை விரித்துக் காட்டினார். "சாம்பக் கையால தொட்டா நவுரமாட்டேங்குது. அழுத்தித் தொட்டா நாலு பக்கம் ஓடிடுது. பொண்ணு பாக்க வந்துக்கினு இருந்தாங்க, தொட்டேன், கொழந்தைக்குப் பேரு வெக்கறாங்க. கை கழுவிக்கினு தொடலாம்னா, ஈரக் கையோட பட்டுகிட்ட போவ முடியல."

"ஏன் அண்ணி சொல்லல?"

"ஆசையா வாங்கியாந்து குடுத்தீங்க. சொன்னா உங்க மனசு நோவும். அப்புறம் உங்க அண்ணன் வேற, 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிப்பாரு."

கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக் குழியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே!"

"சொல்லாமலே இருங்க" என்றார் அண்ணி.

அப்படித்தான் வேறு ரீடர் தேடி நானும் அண்ணியும் ரயிலேறி, சென்னையில் அந்தப் பழைய கருவிக் கடைக்குப் போனோம். வெயிலில் பார்த்து முடித்த பிறகு அண்ணி கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, திருநீறா? பூஜை போடப்போறீங்களா?"

"அடுப்புச் சாம்பல்பா. வாங்கினா பூஜையும் போடறேன்."

விரல் நுனிகளில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கடையில் இருந்த ஐந்து ரீடர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைக்காரர் ஒவ்வொன்றையும் உடனே வாங்கித் துடைத்து வைத்தார். கடைசியாக எடுத்தது பழைய மாதிரி. சிறியது, கொஞ்சம் தடிமன், பின்பக்கத்தில் கீறல். என் பட்டியலில் சேர்த்திருந்தால் கடைசியில் வந்திருக்கும். ஆனால் திரையின் ஓரத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. அண்ணி விரலை மடக்கி, சாம்பல் படாத கணுவால் ஒன்றை அழுத்தினார். பக்கம் புரண்டது. திரும்ப அழுத்தினார். "ஒண்ணு ஒண்ணாத்தான் போவுது" என்றார் மெதுவாக. எழுத்தை என்னிடம் பெரிதாக்கச் சொல்லி, அதைத் தரையில் பெட்டியொன்றின் மேல் சாய்த்துவைத்து, எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "யம்மா, சேர் இருக்குது" என்றார் கடைக்காரர். "தறிகிட்ட சேர் இருக்காதுபா" என்றார் அண்ணி. கைகள் மடியின் மேல், இல்லாத இழைகளை எடுத்து முறுக்கத் தொடங்கின. ஒரு பிடி, ஒரு பக்கம். அவர் கண் வரியை விட்டு விலகவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், கதைய இங்கியே முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பாங்க போல." அதையே வாங்கினோம். முதலில் வாங்கிய வழவழப்பான ரீடர் இப்போது என் மேசையில் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து மூன்று ஆண்டு ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனுடைய தறியிலேயே பாவு தீர்ந்து, அண்ணி பிணைத்துக்கொண்டிருந்தார். பிணைத்து முடிக்க இரண்டு நாள் ஆகும், அதுவரை நெய்கிறவருக்கு வேலை கிடையாது. அந்த இரண்டு நாளும் அண்ணனை டீக்கடையில்தான் பார்க்க முடியும். அன்று டீக்கடையில் அவர் இல்லை. வீட்டில், தறியருகே, அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரீடர் அவர் முழங்காலின் மேல், இருவருக்கும் தெரியும்படி சாய்ந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக்குக் கீழே அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"வாங்க தம்பி" என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கையிலிருந்த பிடி முடிந்தது. "ம், புரட்டுங்க" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்தவில்லை.

"இரு, இரு. நான் இன்னும் பக்கத்தோட அடிவரைக்கும் வரல."

அண்ணி சாம்பலைத் தொட்டு அடுத்த இழையை எடுத்தார்.