என் பிளக், அக்காவின் சுவிச்

ஈரச் சுண்ணாம்பு வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்… பிறகு சிரிப்பும் வரும்.

பெரியகல்லாற்றில் எங்கள் வீடு, நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாகப் பிரித்த வீடு. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்குப் பெண்கள் இரண்டு, வீடோ ஒன்று. மூத்தவள் பூரணம் அக்கா கல்யாணம் கட்டியபோது முன்பாதி அவளுக்கு. நான் கட்டியபோது பின்பாதி எனக்கு. கிணறு அவள் பக்கம். மாமரமும் அவள் பக்கம்.

அதை நான் மறக்கவில்லை… சரி, அது வேறு கதை.

கரண்ட் வந்த புதிதில் என் பாதிக்கு ஒரே ஒரு பிளக், அந்த நடுச்சுவரில். சுவிச் கிடையாது. என்னிடமிருந்த ரேடியோவில் போட்டு நிறுத்துகிற திருகு கழன்று போயிருந்தது. கேட்க வேண்டுமென்றால் வயரைச் செருக வேண்டும், நிறுத்த வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போதெல்லாம் நீலமாக ஒரு பொறி பறக்கும். ஒருநாள் ஈரக்கையோடு பிடுங்கிவிட்டேன். தோள்வரை உதறியது.

அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்தப் பிளக்குக்கு ஒரு சுவிச் வேண்டும், என் கைக்கு எட்டுகிற இடத்தில்.

வயரிங் வேலை தெரிந்த செல்லையா அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றது அம்மன் கோயில் சடங்கு தொடங்குகிற நாளில். சடங்குக்காக வீடெல்லாம் வெள்ளையடித்து, சுண்ணாம்பு காயவும் இல்லை. மெயினை நிறுத்திவிட்டு உளியை எடுத்துச் சுவரில் வைத்தார்.

"ஐயோ அண்ணன், செவரத் தொடாதங்க! நேத்துத்தான் வெள்ள அடிச்ச."

"செவரக் கொத்தாம சுவிச்ச எங்க வைக்கிற தங்கச்சி? உன்ட தலையிலயா?"

"எங்கயெண்டாலும் வைங்க. என்ட வெள்ளயில ஒரு கீறல் விழப்படா."

சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் சுவரில் ஒரு கீறல் இல்லை. சுவிச்சும் இல்லை.

"சுவிச் எங்க அண்ணன்?"

"அங்கால."

பிளக்குக்குப் பின்னால் துளை போட்டு, வயரை அந்தப் பக்கம் இழுத்து, அக்காவின் பூசாத செங்கல் சுவரில் சுவிச்சை வைத்திருந்தார் அந்த மனுஷன். அவளிடம் கேட்டாராம். "தாராளமா வைங்க" என்றாளாம்.

ஏன் சொல்லமாட்டாள்?

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் நடந்தது. நான் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் போடுவாள். மறுபடி தட்டினால் நிறுத்துவாள்.

பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர் வாவியிலிருந்து நல்ல நண்டு கொண்டுவந்தார். கறி வைத்தேன். அக்காவுக்கு அனுப்பவில்லை. முந்தின கிழமை மாங்காய் பறித்து ஊருக்கெல்லாம் கொடுத்தவள், எனக்கு ஒன்று தரவில்லையே…

அன்று பின்னேரம் ரேடியோ நாடகத்தின் கடைசிப் பகுதி. அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள். தாயின் சொல் கேட்பாளா, விரும்பினவனோடு போவாளா? வாயைத் திறக்கிறாள்…

டக்.

"அக்கோ! சுவிச்சப் போடுகா!"

"எந்தச் சுவிச்சுகா?"

"விளையாடாதகா! நாடகம் முடியப் போகுது!"

"நண்டுக்கறி வாசத்தில கண்ணு தெரியுதில்லகா. ஒரு கோப்ப வந்தா மறுகா தெரியும்."

ஓடினேன். நாலு நண்டுக்கால், நிறையக் குழம்பு. கோப்பையைக் கிளறிப் பார்த்தாள்.

"உடம்பு மட்டும் நீந்திப் போயிற்றாக்கும்" என்று சொல்லி, ஆறுதலாக நடந்து போய்ச் சுவிச்சைப் போட்டாள்.

ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண் போனாளா, இல்லையா… இன்றுவரை எனக்குத் தெரியாது.

நியாயம் கேட்க ஆண்களிடம் போனேன். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், மாமரத்தின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில்.

"வீடு உங்கட. நாங்க வந்து ஏறின ஆக்கள். எங்களக் கேக்காதங்க" என்றார் அத்தான், தலையை நிமிர்த்தாமலே. என் வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையும் நான் மறக்கவில்லை.

அக்காவோ ஒரே பேச்சு. "என்ட செவரில கிடக்கிறது என்ட."

என் பக்கத்தில் கொத்திப் புதிதாக ஒன்று வைத்திருக்கலாம். ஆனால் உளிச் சத்தம் கேட்டால் அவள் சிரிப்பாளே! அந்தச் சிரிப்புக்குப் பயந்தே இரண்டு பேரும் கிழவியாகிவிட்டோம்.

போன மாதம் என் பேத்தி எங்கள் பாதிக்குப் புது வயரிங் செய்வித்தாள். இப்போது மூலைக்கு மூலை பிளக், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சுவிச். கடைசியில் என் கைக்கு எட்டுகிற இடத்தில்! பத்துத் தரம் போட்டேன், பத்துத் தரம் நிறுத்தினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் போனது. அக்காவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, முழங்கால் நோவால் இந்தப் பக்கம் வருவதுமில்லை. தட்டுவதற்கு எனக்கும் தேவை இல்லை. மூன்று நாளாக ஒரு சண்டைகூட இல்லை…

அன்று ரேடியோ ஒன்று, பிளக் ஒன்று. அதற்கே நாளுக்குப் பத்துத் தரம் பேச்சு இருந்தது. இன்று எல்லாப் பிளக்குக்கும் சுவிச் இருக்கிறது. நிறுத்திவிட்டு வம்புக்கு இழுக்கத்தான் ஆளில்லை.

நாலாம் நாள் வயரிங்காரர் பழைய பிளக்கைக் கழற்ற வந்தார்.

"தம்பி, அதக் கழட்டாதங்க. புது வயர், புதுப் பிளக் போட்டுத் தாங்க. சுவிச் மட்டும் அங்காலயே கிடக்கட்டும்."

"என்னம்மா இது? அவங்க நிப்பாட்டினா உங்களுக்குக் கரண்ட் வராதே?"

"அது எனக்குத் தெரியும் தம்பி. நீங்க போடுங்க."

அந்தப் பிளக்கில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் செருகி வைத்திருக்கிறேன். விடியப்புறம் அக்கா எழும்பினால் சுவிச்சைத் தட்டுவாள். இங்கே பல்ப் பற்றும். நான் தேத்தண்ணி கொண்டுபோவேன்.

இன்றைக்கு நண்டுக்கறி. குழம்பு கொதிக்கவும் இல்லை, பல்ப் பற்றுகிறது, நூருகிறது, பற்றுகிறது, நூருகிறது… காது போனாலும் மூக்குப் போகவில்லை அவளுக்கு.

கோப்பையில் இந்தமுறை உடம்பும் போட்டிருக்கிறேன். சின்ன நண்டுதான்.

பெரிய நண்டு வேண்டுமென்றால், அந்த நாடகத்துப் பெண் போனாளா இல்லையா என்று அவள் விசாரித்துச் சொல்லட்டும்.