மாமா கொடுத்த மீசை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் தாய்மாமா சர்பஞ்ச் ஆனார். ஆந்திராவில் நாகலாபுரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். பாதி ஓட்டு அவர் மீசைக்குத்தான் விழுந்தது என்பாள் அம்மா.

அந்தக் கோடையில் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. பெண்கள் குடத்தோடு மாமா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமா மீசையை முறுக்கினார்.

“எட்டு நாள்ல தண்ணி வர்லன்னா இந்த மீசைய எடுத்துடறேன், பாருங்க!”

மீசையை யாரும் கேட்கவில்லை, தண்ணீரைத்தான் கேட்டார்கள். ஆனாலும் கைதட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஏழாம் நாள் மாமாவைக் காணோம். போனும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம், மழித்த முகம், பை நிறைய லட்டு. ஊர் நல்லா இருக்கணும் என்று திருமலையில் முடி கொடுத்துவிட்டு வந்தாராம். குடத்தை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் பயபக்தியோடு கை நீட்டினார்கள்.

எனக்குப் பெரிய துண்டு கிடைத்தது. அதை மென்றுகொண்டே, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

“மாமா, மீசைய சாமிக்குக் குட்த்தியா, மோட்டாருக்குக் குட்த்தியா?”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமாவின் விரல்கள் மேலுதட்டுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தன. அத்தைதான் முதலில் சிரித்தாள்.

“சாமிக்குன்னா, மோட்டாருக்கு இன்னா குடுக்கப் போற? புருவந்தான் மிச்சம் கீது.”

ஊரே சிரித்தது. சிரித்து முடித்த பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மாமா மொட்டைத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மண்டல ஆபீசுக்கு ஓடினார். மூன்றாம் நாள் புது மோட்டார் வந்தது.

அன்றைக்கு ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் என்னைத் தூக்கிப் பிடித்து, சுவிட்சைப் போடச் சொன்னார் மாமா. “நம்ம பாப்பா கேட்டுச்சு, தண்ணி வந்துச்சு!” என்றார். போட்டோ எடுத்தார்கள். மாமா எனக்கு மாலைகூடப் போட்டார்.

அடுத்த மாதம் தெருவிளக்குகள் எரியவில்லை. “நீ போய் மாமாவ ஒரு வார்த்த கேளு கண்ணு” என்று அதே பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

“அதெல்லாம் எங்க மாமா பாத்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன். மாமா எனக்கு மாலை போட்டது நான் கேட்ட கேள்விக்கான பரிசு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.