நாலு பேர் தூக்கிய நாற்காலி

விமான் நகரில் எங்கள் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் ஐந்து மாடிக்கும் லிஃப்ட் வைத்தார். அந்த லிஃப்டை எட்டுவதற்கு வாசலில் ஐந்தாறு படிகளையும் வைத்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் நான் மூன்றாவது மாடியிலிருந்து சுகமாக இறங்கிவிடுவேன். தெருவுக்கு மட்டும் போக முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் நானும் அம்மாவும் அண்ணனும் அங்கே குடிவந்த அன்று, படிகளைப் பார்த்துவிட்டு அண்ணனை முறைத்தேன். அவன் லாரித் தொழிற்சாலை எஞ்சினியர்.

"எதுக்குட்டி மொறைக்க? நாலு பேரு இருக்காங்கள்லா, தூக்கிருவோம்" என்றான்.

தூக்கினார்கள். வருடக்கணக்கில் தூக்கினார்கள். நான் ஆபீஸ் கிளம்பும்போது வாட்ச்மேன், ரிக்‌ஷாக்காரர், அப்புறம் கீழே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரு பயம் உண்டு. எனக்கு அந்த நாலு பேரையும் நேரிலேயே தெரியும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "குடே தாயி?" என்பார்கள். எங்கே போகிறீர்கள் அக்கா என்று மராட்டியில் கேள்வி. பதில் சொல்லாமல் நாற்காலி தரையைத் தொடாது.

திரும்பி வரும்போது பைக்குள் என்ன என்பது அடுத்த கேள்வி. முதல் நரை கண்டவுடன் பயந்துபோய் ஒரு சாய பாக்கெட் வாங்கி வந்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டாம் மாடி அம்மாள், மருதாணிதான் நல்லது என்று பால்கனியிலிருந்து கத்திச் சொன்னாள். வயிற்றுப்போக்கு என்று டாக்டரிடம் போனபோது இன்னும் மோசம். தயிர்சாதமா மாதுளந்தோலா என்று முன்னால் பிடித்தவருக்கும் பின்னால் பிடித்தவருக்கும் வாக்குவாதம் முற்றியது. அது முடியும்வரை நான் அந்தரத்தில் இருந்தேன். எனக்கோ அவசரம்.

ஒரே ஒரு தடவை, ஒருவருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டு வர வேண்டும். எனக்கிருந்த ஆசை இவ்வளவுதான். சம்பாதிக்கிறேன், வரி கட்டுகிறேன், ஆபீஸில் என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட உண்டு. ஆனால் ஊரைக் கூட்டாமல் ஒரு ஊசி வாங்க வழியில்லை.

பொதுக் கட்டடங்களில் ரேம்ப் வைக்க வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. எங்கள் ஆபீஸிலும் வைத்தார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று சுற்றறிக்கையில் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, எங்கள் குடியிருப்போர் சொசைட்டிக் கூட்டத்தில் ரேம்ப் கேட்டேன். காசில்லை என்பார்கள், இடமில்லை என்பார்கள் என்று பதில்களோடு போயிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு மனசு புண்பட்டுவிட்டது.

சேர்மன் எழுந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்காரர். "ஆம்ஹி ஆஹோத் நா!" என்றார். நாங்கள் இருக்கிறோமே! ஒரு நாளாவது தூக்க மாட்டேன் என்றோமா, ஒரு நாளாவது கீழே போட்டோமா என்று கேட்டார். ஒரு நாள் போட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்ல மனுசங்கட்டி, கோவிச்சுக்கிடாத" என்று அம்மா காதருகே சொன்னாள். நல்ல மனுஷர்கள்தான், அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றிரவு ஆத்திரத்தில் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் லிஃப்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் போடுகிறவர்களின் பட்டியலுக்குக் கீழே இன்னொரு பட்டியல் ஒட்டியிருந்தது. 'தாயி டியூட்டி' என்று தலைப்பு. எந்தக் கிழமை எந்த வீட்டு ஆண்கள் என்னைத் தூக்க வேண்டும் என்று சேர்மன் படையணி பிரித்திருந்தார். முதுகுவலிக்காரர் ஒருவர் தனக்குப் பதிலாக மைத்துனனை எழுதிக் கொடுத்திருந்தார். வாட்ச்மேன் விசில் ஊதினால் அன்றைய அணி ஓடி வர வேண்டும்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல என் கோபம் குளிர்ந்தது. மாட்டிக்கொண்டது நானல்ல, அவர்கள்.

ஒரு வாரம் லீவு போட்டேன். காலையில் விசில். "குடே தாயி?" கொத்தமல்லி வாங்க. வாசலில் நின்ற தள்ளுவண்டியில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு மேலே போனேன். சட்டையை மாற்றிக்கொண்டு அவர்கள் டிபனுக்கு உட்காரும் நேரம் மறுபடி விசில். கறிவேப்பிலை மறந்துவிட்டது. பதினோரு மணிக்குக் கொஞ்சம் காற்று வாங்க. பிற்பகல் தூக்க நேரத்தில் நாய்க்கு பிஸ்கட் போட. எங்களிடம் நாய் இல்லை. தெருநாய்க்குத்தான்.

"இந்த வீட்டுல இவ்வளவு கொத்தமல்லிய வச்சு என்னட்டி செய்ய?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். துவையல் அரைத்தாள், சாதம் கிளறினாள், வடையில் போட்டாள். அண்ணன் ஆபீஸுக்குச் சீக்கிரம் கிளம்பி லேட்டாக வர ஆரம்பித்தான். தூக்குகிறவர்களோ விசில் கேட்டதும் தவறாமல் ஓடி வந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வம்சம். மைத்துனன் மட்டும் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை இந்தியா, பாகிஸ்தான் மேட்ச். கடைசி ஓவர்கள் வரட்டும் என்று காத்திருந்து, பானிபூரி சாப்பிடக் கிளம்பினேன். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்வையிலேயே கெஞ்சினார். ஊதச் சொன்னேன்.

நாலு பேர் வந்தார்கள், சேர்மனும் லீவில் சிக்கிய அண்ணனும் உள்பட. தூக்கினார்கள். இரண்டு படி இறங்கியதும் கட்டடம் முழுக்க ஒரே கூச்சல். விக்கெட் விழுந்ததா, சிக்ஸர் போனதா தெரியவில்லை. முன்னால் பிடித்த இருவரும் நாற்காலியைப் படியில் சாய்த்துவிட்டு ஓடினார்கள். பின்னால் பிடித்த சேர்மனும் அண்ணனும் ஓட முடியாமல், விட முடியாமல் நின்றார்கள். நான் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தேன். விழுந்துவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். "அரே, கோயி போலோ!" என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்களேன் என்று சேர்மன் மேலே பார்த்து அலறினார். யாரும் சொல்லவில்லை. மேட்ச் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். ஒரு பெண்ணின் சுதந்திரத்துக்குக் குறுக்கே ஐந்தாறு படிகள் நிற்பது மனிதத்தன்மையா என்று சேர்மன் கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

ரேம்ப் வேலையை அண்ணன் ஏற்றுக்கொண்டான். பன்னிரண்டுக்கு ஒன்று என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். "எங்க டெஸ்ட் டிராக்குல லாரியே இத விட மேட்டுல ஏறுது, ஒன் நாற்காலி ஏறாதா?" என்றான். என் நாற்காலிக்கு எஞ்சின் இல்லை என்பது அவனுக்கு நினைவில்லை. பலகை அடித்துச் சரிவு செய்து, சோதனைக்கு நாற்காலியில் ஓர் அரிசி மூட்டையை உட்கார வைத்து மேலிருந்து விட்டான். மூட்டை கேட்டைத் தாண்டிப் போய்க் கொத்தமல்லி வண்டியில் மோதி நின்றது. காய்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு நானே சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு திருப்பத்தோடு போட்டும் கோடு நீளமாக ஓடி, சேர்மனின் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே போனது. அவர் தொட்டிகளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அடுத்த மேட்ச் என்றைக்கு என்று மெதுவாகக் கேட்டேன். தொட்டிகளை அவரே குனிந்து நகர்த்தினார்.

சிமெண்ட் காய்ந்து, இரும்புக் கைப்பிடியும் வைத்த மறுநாள் மாலை தனியாக இறங்கினேன். சக்கரத்தை லேசாகப் பிடித்துவிட்டால் போதும், நாற்காலி தானாகப் போனது. "குடே தாயி?" என்று வாட்ச்மேன் எழுந்தார். அவர் எழுந்து முடிப்பதற்குள் நான் தெருவில் இருந்தேன். அழுகை வந்தது, கொஞ்சம்.

திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அம்மா கதவைத் திறந்தாள்.

"எங்கட்டி போயிட்டு வார?"

"எங்கயும் இல்லம்மா. சும்மா கேட்டு வரைக்கும்."

"கேட்டு வரைக்கும் போக ரெண்டு மணி நேரமா?"

என் தோழிகள் பதினாலு வயதில் அம்மாவிடம் சொன்ன பொய்யை நான் முப்பத்து நாலு வயதில் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் காப்பி போடப் போனாள். அன்றைக்கு எங்கே போனேன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.