குசன் கதிரை

மீன்பிடிக்கிற குருநகர்க் கரையிலை பிறந்த ஜெசிதாவுக்குக் கோவம் வந்தால் முதல் கண் சிவக்கும், பிறகு வாயிலை கதை நல்ல தெளிவாய் வரும். மெய்யியல் படிக்கக் கம்பசுக்குப் போன நாளிலையிருந்து "உதைப் படிச்சு என்ன கிழிக்கப் போறாய்?" எண்டு ஒழுங்கைச் சனம் முழுக்கக் கேட்டுது. முந்நூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலை ஒருத்தன் எழுதிவைச்ச ரண்டு விசயம் அவளுக்குப் போதும். ஒருத்தரும் அறிவோடை பிறக்கிறேல்லை. மனசு வெறுமையாய்த்தான் வருகுது, கண்டதும் கேட்டதும் பட்டதும்தான் அதிலை எழுதுது. மற்றது, மனுசரை அசைக்கிறது பெரிய நன்மை ஒண்டுமில்லை, கிட்டடியிலை நிண்டு குத்துற அந்தரம், மனசின்ரை தவிப்புத்தான்.

பட்டணத்துப் பள்ளிக்கூடமொண்டிலை அளவையியல் படிப்பிக்க வந்த பிறகுதான் முதல் விசயம் அவளைப் போட்டு எரிச்சுது. அதிபர் பொன்னம்பலம் கெட்ட மனுசன் எண்டு சொல்லேலாது. அதுதான் பெரிய கேடு. வெள்ளிக்கிழமை விடியப் பெற்றார் கூட்டம் வைப்பார். அது வள்ளங்கள் கரைக்கு வாற நேரம், ஆணும் பெண்ணும் வலையிலை மீன் கழட்டுற நேரம். கரையிலையிருந்து ஒரு சனமும் போகாது. தாய் தேப்பன் வராத பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை எண்டது அவற்றை சட்டம். இந்த முறை அதிலை விழுந்தவள் ஜெசிதாவின்ரை தமையன் ஜெறோமின்ரை மகள் றொசாந்தி. சாதாரணதரச் சோதினையிலை விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்துப்போட்டு, டொக்டராய் வரவேணும் எண்டு நிக்கிற பெட்டை.

நேரத்தை மாத்துங்கோ எண்டு ஜெசிதா எத்தினை தரம் போய்க் கேட்டாள். அக்கறை இருந்தால் வருவினம், வராதது அவையின்ரை பிறவிக் குணம் எண்டு பொன்னம்பலம் சிரிச்சார். பிறகு குரலைத் தணிச்சு, "கோவிக்காதேங்கோ ரீச்சர், உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் வேறை மாதிரி" எண்டார்.

கேட்டியளே கதையை! புகழுறாராம். அவளின்ரை தேப்பனையும் தமையனையும் குப்பையிலை கொட்டிப்போட்டு அவளுக்கு மாலை போடுறார். நியாயம் கதைச்சு இந்த மனுசன் அசையான் எண்டு அவளுக்கு அப்பதான் விளங்கிச்சுது. ரண்டாவது விசயத்தைக் கையிலை எடுத்தாள்.

அடுத்த வெள்ளி விடிய நேரே கரைக்குப் போனாள். வள்ளத்தாலை இறங்கின ஜெறோமை உடுப்பு மாத்தவும் விடாமல் ஸ்கூட்டியிலை ஏத்திக்கொண்டு வந்து அதிபரின்ரை அறைக்குள்ளை விட்டாள். இடுப்பிலை கட்டின சாரத்தாலை கடல்தண்ணி வடியுது, கை முழுக்கச் செதில். இருந்தால் கதிரை நனைஞ்சிடும் எண்டு ஜெறோம் கதவடியிலை ஒடுங்கி நிண்டான். பொன்னம்பலம் மூக்கைச் சுளிச்சுக்கொண்டு என்ன விசயம் எண்டார்.

"குறை நினையாதேங்கோ ஐயா," எண்டான் ஜெறோம். "எங்கடை பிள்ளையளுக்கு உதெல்லாம் மண்டையிலை ஏறாது. தங்கச்சிதான் இழுத்துக்கொண்டு வந்திட்டாள்."

"பாத்தியளே ரீச்சர்," எண்டார் பொன்னம்பலம். "தேப்பனே சொல்லுறார்."

ஜெசிதாவுக்குக் கண் சிவந்துது. தமையன்ரை தோளைப் பிடிச்சு, அதிபருக்கு முன்னாலை கிடந்த குசன் கதிரையிலை அமத்தி இருத்தினாள். "இருங்கோ அண்ணை. றொசாந்திக்கு இடம் எண்டு சேர் சொல்லுமட்டும் எழும்பக் கூடாது." குசனிலை ஈரம் ஊற ஊறப் பொன்னம்பலத்தின்ரை முகம் போன போக்கைப் பாத்திருக்க வேணும். பெட்டையைத் திங்கட்கிழமை வரச்சொன்னார். கூட்டத்தையும் பின்னேரத்துக்கு மாத்துறன் எண்டார்.

வெண்டாள்தான். ஆனால் நியாயத்துக்கு அசையாத மனுசன் ஒரு குசனுக்கு அசைஞ்சார் எண்ட கோவம் அவளுக்கு ஆறவேயில்லை.

பின்னேரம் ஒழுங்கை முகப்பிலை ஜெறோமைக் கண்டாள். குளிச்சு, கோயிலுக்குப் போடுற வெள்ளைச் சேட்டோடை சைக்கிளிலை வாறான். ஹாண்டிலிலை பெரிய பாரைமீன் ஒண்டு தொங்குது, பின் கரியரிலை றொசாந்தி. கதிரையைப் பழுதாக்கினதுக்கு அதிபர் வீட்டை மன்னிப்புக் கேக்கப் போகினமாம். வெள்ளிக்கிழமை அந்தச் சைவ வீட்டுப் படலைக்குள்ளை மீன் போகாது எண்டதும் அவனுக்கு நினைவில்லை.

ஜெசிதா சைக்கிளை மறிச்சாள். "எங்கடை பிள்ளையளுக்கு மண்டையிலை ஏறாது எண்டு ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது?"

ஜெறோம் யோசிச்சான். உண்மையாய்த்தான் யோசிச்சான்.

"ஒருத்தரும் சொல்லேல்லையடி," எண்டான். "அது பிறந்ததிலையிருந்தே தெரியும்தானே."

றொசாந்தி தேப்பன்ரை முதுகுக்குப் பின்னாலையிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிதா பெட்டையின்ரை கையைப் பிடிச்சுக் கரியராலை இறக்கினாள்.