டாக்டரம்மா அளந்த சக்கரம்

சுசீந்திரம் திருப்பத்தில் டாக்டரம்மா ஸ்டியரிங்கை ஒடித்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கறகறவென்று ஓர் அரைப்பு, பின்னாலேயே கருகிய ரப்பர் வாடை. அன்று காலையில்தான் காருக்கு வேறு முன்சக்கரங்கள் மாட்டியிருந்தோம். இறங்கிப் பார்த்தால், டயரின் உள்பக்கம் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் வில்பட்டையில் உரசி நூல் தெரிய ஆரம்பித்திருந்தது.

எங்கள் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு ஓரிரண்டு ஆண்டு முன்னால் அது. நாகர்கோவிலில் டாக்டரம்மா நடத்திய சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். சொந்தமாகக் கார் ஓட்டிய பெண் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். வாரம் ஒருமுறை கீரிப்பாறை மலையிலிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்போம். முந்தின வாரம் மலைப்பாதைக் கல்லில் இடித்து முன்சக்கர ரிம்கள் இரண்டும் நெளிந்துவிட்டன. தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் பெண் ஒருத்திக்கு வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்தது. ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள் அவள். வெள்ளிக்கிழமை வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். சக்கரம் உரசியது புதன்கிழமை.

பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிச் சாமான்களை விற்கும் பட்டறையில்தான் அந்த ரிம்களை வாங்கியிருந்தோம். அங்கே போய்ச் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார்.

"பதினாறு இஞ்சு வட்டம், போல்ட்டுக்கு அஞ்சு ஓட்டை. இதுக்கு மேல என்ன வேணும் டாக்டரம்மா? பழைய வண்டியில்லா, கொஞ்சம் உரசத்தான் செய்யும்."

பக்கத்தில் நின்ற ஒருவர், "பொம்பளை ஓட்டினா இப்பிடித்தான்" என்றார். டாக்டரம்மாவின் காது சிவந்தது. காரை எடுத்து நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, உரசிய சக்கரத்தையும் நல்ல பின்சக்கரம் ஒன்றையும் கழற்றி, டயர்களை உரித்து, இரண்டு ரிம்களையும் உள்பக்கம் மேலே தெரிய அருகருகே கவிழ்த்துப் போட்டார். "ஏட்டி, அந்த நீளப் பலகைய எடு" என்றார். கால் முறிந்தவர்களுக்கு வைத்துக் கட்டும் பலகை அது. அதை ரிம்மின் விளிம்புக்குக் குறுக்கே வைத்து, நடுவில் துளைகளுள்ள தட்டுவரை அடிக்கோலை இறக்கினார். நல்ல ரிம்மில் நாலு அங்குலம். பட்டறை ரிம்மில் ஐந்து.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா? வட்டமும் அகலமும் ஒண்ணுதான். நடுத்தட்டு இருக்கிற எடம்தான் வேற. அதனால சக்கரம் ஒரு இஞ்சு உள்ள தள்ளி நிக்குது."

இப்போது கடைகளில் அதை ஆஃப்செட் என்கிறார்கள். அன்று எங்கள் இருவருக்கும் அந்தச் சொல் தெரியாது.

மறுநாள் சக்கரங்களைத் திரும்ப மாட்டி, பலகையும் அடிக்கோலுமாகப் பட்டறைக்குப் போனோம். குவியலில் கிடந்த ரிம்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அளந்தார். புடவையெல்லாம் துரு. அடியில் கிடந்த இரண்டை இழுத்துப் போட்டதும் மேஸ்திரி ஓடிவந்தார்.

"அது வேற வண்டிக்கு உள்ளதாக்கும். உங்க காருக்குச் சேராது, கேட்டேளா?"

"வட்டம் பதினாறு. ஓட்டை அஞ்சு, ஓட்டைக்கு ஓட்டை தூரமும் சரி. விளிம்பிலேருந்து தட்டுக்கு நாலு. சேராம எங்க போகும்? மாட்டுங்க."

மாட்டினார்கள். பட்டறை முன்னாலேயே டாக்டரம்மா ஸ்டியரிங்கை இடக்கோடிவரை ஒடித்து ஒரு வட்டம், வலக்கோடிவரை ஒடித்து ஒரு வட்டம் சுற்றினார். டீக்கடைக் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. ஒரு சத்தமில்லை. மேஸ்திரி தரையில் படுத்து, டயருக்கும் வில்பட்டைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "அந்தப் பலகைய எங்க வச்சீங்க? ஒருக்கா காட்டுங்கம்மா" என்றார். டாக்டரம்மா எந்தக் குத்தலும் இல்லாமல் மறுபடி அளந்து காட்டினார். முந்தின நாள் பேசியவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மலையேறினோம். அந்தக் கர்ப்பிணி துணிமூட்டையோடு வாசலில் காத்திருந்தாள். இறங்கும் வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. அன்று பிற்பகல் அறுவைசிகிச்சை. பெண் குழந்தை, ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது.

பதினைந்து நாள் கழித்துத் தாயையும் பிள்ளையையும் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திரும்பினோம். மலை இறங்கிச் சமதளம் வந்ததும் டாக்டரம்மா காரை நிறுத்தி, சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"ஏட்டி, ஓட்டிப் பாக்கியா?"

அதுவரை நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனாலும் இடம் மாறி உட்கார்ந்தேன். அவர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, நாகர்கோவில்வரை நான்தான் ஓட்டினேன்.